வழக்குப் போட்ட தகப்பன்

பதாகையில் எதை எழுதுவது என்பதில்தான் முதல் சிக்கல் தொடங்கியது.

"'நீதிமன்றமே, வன்னிப் பிள்ளைகளின் வயிற்றில் அடிக்காதே!' எண்டு பெரிசாப் போடும்," என்று வீரபாகு எம்.பி. தொலைபேசியில் சொன்னார்.

"ஓம் சேர்," என்றார் கிறிஸ்தோப்பர்.

எம்.பி.யின் முல்லைத்தீவு இணைப்பாளராக இருந்த ஆறு வருடத்தில் கிறிஸ்தோப்பர் அதிகம் பயன்படுத்திய வசனம் அதுதான். சொன்னதைச் செய்வதில் அவரைப்போல ஒருவரைத் தேடிப் பிடிக்க முடியாது. சொன்னது என்னவென்று யோசிக்கிற பழக்கம் மட்டும் கிடையாது.

கொழும்பில் ஒரு தீர்ப்பு வந்திருந்தது. பின்தங்கிய மாவட்டப் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகத்தில் ஒதுக்கப்படும் இடங்களைப் பற்றியது. நாற்பத்தாறு பக்கம், முழுக்க ஆங்கிலம். எம்.பி. அதை வாசித்தாரோ இல்லையோ, கிறிஸ்தோப்பர் வாசிக்கவில்லை. "கோர்ட் எங்கட கோட்டாவிலை கை வைச்சிட்டுது" என்று எம்.பி. சொன்னதே அவருக்குப் போதும்.

காரணம், மகள் பிறின்சி. முள்ளிவாய்க்காலில் தறப்பாள் கொட்டிலுக்குள் இருந்து 'அ' எழுதப் பழகியவள். உயர்தரத்தில் மருத்துவபீடத்தை மயிரிழையில் தவறவிட்டு, மேலதிகப் பட்டியல் வராதா என்று காத்திருந்தாள். உள்ள கோட்டாவும் போனால் பிள்ளையின் கதி என்ன?

ஆகவே கிறிஸ்தோப்பர் உண்மையான ஆத்திரத்தோடுதான் பதாகையை எழுதுவித்தார். மை காயமுதல் கட்சிச் சட்டத்தரணி ஓடிவந்தார்.

"ஐயோ, இதைப் பிடிச்சால் அவமதிப்பு வழக்கிலை உள்ளுக்குத்தான் போவியள். நீதிமன்றம், நீதிபதி, தீர்ப்பு எண்ட ஒரு சொல்லும் வரக்கூடாது!"

"அப்ப மிச்சம் என்ன இருக்கு?"

யோசித்து யோசித்து, வெட்டி வெட்டி, கடைசியில் ஒரு வரி தேறியது: 'வன்னிப் பிள்ளைகளின் இடம் வன்னிப் பிள்ளைகளுக்கே!'

அடுத்த சிக்கல் அதைப் பிடிக்க ஆள். பாதிக்கப்பட்ட மாணவர்கள் முன்வரிசையில் நிற்க வேண்டும் என்பது எம்.பி.யின் கட்டளை. கிறிஸ்தோப்பர் புதுக்குடியிருப்பில் ஒரு ரியூசன் வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, பிறின்சியின் சிநேகிதி கிருசாந்தியைப் பிடித்தார்.

"பிள்ளை, நாளைக்கு அரசாங்க அதிபற்ர கச்சேரியடியிலை கவனயீர்ப்புப் போராட்டம். இருபது பேரைக் கூட்டிக்கொண்டு வாரும்."

"ஏன் அங்கிள்? நாங்கள் வெடி கொளுத்திச் சந்தோசப்படவெல்லோ வேணும்!"

"என்ன விசர்க்கதை? கோட்டாவை வெட்டியிருக்கிறாங்கள்."

"ஆர் சொன்னது? கோட்டா அப்பிடியே இருக்கு. இஞ்சை பள்ளிக்கூடத்திலை பேரை மட்டும் பதிஞ்சுபோட்டு, வெளி மாவட்டத்திலை இருந்து படிச்சு எங்கட இடத்தைப் பிடிச்ச ஆக்களைத்தான் வெட்டச் சொல்லியிருக்கு. அந்த இடமெல்லாம் எங்களுக்கு வருது. பிறின்சிக்கு மெடிசின் நிச்சயம். நீங்கள் தீர்ப்பை வாசிக்கேல்லையோ?"

கிறிஸ்தோப்பர் மோட்டார் சைக்கிளோடு சரியப் பார்த்தார். பிறகு எம்.பி.யை அழைத்தார்.

"சேர், தீர்ப்பு எங்கட பிள்ளையளுக்கு நல்லதாமெல்லோ?"

எம்.பி. குரலைத் தாழ்த்தினார்.

"கிறிஸ்தோப்பர், யாழ்ப்பாணத்திலை இருக்கிற என்ர அண்ணற்ர மகன் பிரசாந்தனும் உந்த வன்னிக் கோட்டாவிலைதான் எடுபட்டவன். இப்ப அவன்ர பேரும் போகுது. அது நல்லதோ?"

"இல்லை... சேர்."

"பாதிக்கப்பட்ட பெடியங்களை நானே ஒரு வான் பிடிச்சு அனுப்பிறன். நீர் மற்ற வேலையைப் பாரும். வழக்குப் போட்டது உங்கட பக்கத்து ஆளாம். அப்ப பதினெட்டு வயசு வராத பிள்ளைக்காக ஒரு தகப்பன் போட்டதாம். கூட்டம் முடிய முதல் அவன்ர பேர் எனக்கு வேணும்!"

அன்று மத்தியானம் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். கூட்டம் வென்றால் மகளின் இடம் போகும். கூட்டத்தைக் குழப்பினால் வேலை போகும். மனைவி யூலியானாவிடம் எல்லாவற்றையும் கொட்டினார்.

"கேட்டியே, ஆரோ ஒரு தகப்பன் பிள்ளைக்காகக் கொழும்புவரைக்கும் போய் வழக்காடியிருக்கிறான். அவன் மனிசன்! நானும் ஒரு தகப்பன் எண்டு பனர் கட்டித் திரியிறன். என்ர பிள்ளைக்கு நான் என்ன செய்தனான்?"

யூலியானா இன்னொரு துண்டு மீனை வைத்தாள். பிறின்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சாப்பிடுங்கோ அப்பா," என்றாள்.

மறுநாள் பத்து மணிக்குப் போராட்டம். ஒன்பதரைக்குப் பிரசாந்தனிடமிருந்து அழைப்பு வந்தது.

"அங்கிள், வந்திட்டம். கடல் தெரியுது. கச்சேரி எந்தப் பக்கம்?"

"எவடத்திலை தம்பி நிக்கிறியள்?"

"பூநகரி எண்டு போர்ட் போட்டிருக்கு."

கிறிஸ்தோப்பர் தலையில் கை வைத்தார். அது மேற்குக் கரை; முல்லைத்தீவு கிழக்குக் கரை. முல்லைத்தீவிலேயே பிறந்து வளர்ந்ததாகக் கிராம சேவையாளரின் கடிதம் வைத்திருக்கும் பிள்ளைக்கு முல்லைத்தீவு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. வழி சொல்லி, மறுபடி சொல்லி, ஒருவாறு பதினொன்றரைக்கு வான் வந்து சேர்ந்தது. அதற்குள் கிருசாந்தி தன் சிநேகிதப் பட்டாளத்தோடு வந்து பதாகையைத் தூக்கிப் பிடித்திருந்தாள். "உந்த வசனத்துக்காகத்தான் வந்தனாங்கள்," என்றாள்.

கூட்டத்தைக் கண்டு எம்.பி. பூரித்துப்போனார். பிரசாந்தனை ஒலிவாங்கிக்கு முன்னால் நிறுத்தி, "இந்த மண்ணின்ர பிள்ளை! இவற்ர கனவைத்தான் பறிச்சிருக்கினம்!" என்று முழங்கினார்.

செய்தியாளர் இராசமலர் பவ்வியமாக ஒரு கேள்வி கேட்டாள். "தம்பி எந்த ஊர்?"

"வற்றாப்பளை."

"நல்லது. வற்றாப்பளைப் பொங்கல் எந்த மாசம் வரும்?"

பிரசாந்தன் சிரித்தான். இதுகூடத் தெரியாதா?

"தை மாசம்தான்."

கச்சேரியடியே அதிர்ந்தது. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் வைகாசியில் என்று வேதக்காரக் குஞ்சு குருமானுக்குக்கூடத் தெரியும். காவலுக்கு நின்ற பொலிஸ்காரர் தொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கினார்.

எம்.பி. ஒலிவாங்கியைப் பறித்தார். "சிரிக்காதேங்கோ! வழக்குப் போட்டு எங்களைப் பிரிச்ச துரோகி ஆரெண்டு இப்ப என்ர இணைப்பாளர் சொல்லுவார். கிறிஸ்தோப்பர், வாரும்!"

கிறிஸ்தோப்பர் மேடையேறினார். எதிரே கிருசாந்தியின் பக்கத்தில் மகளும் நின்றாள். அதற்கு மேலே பதாகை. ஆறு வருடத்தில் முதல்முறையாக, தான் எழுதுவித்த ஒன்றை அவர் நிதானமாக வாசித்தார்.

"வன்னிப் பிள்ளைகளின் இடம் வன்னிப் பிள்ளைகளுக்கே! கோர்ட் சொன்னதும் இதைத்தானாம். எனக்கு நேற்றுத்தான் தெரியும்," என்றார். "அந்தத் தகப்பன் ஆரெண்டு எனக்குத் தெரியாது, சேர். தெரிஞ்சாலும் சொல்லமாட்டன். அந்த மனிசனைக் கண்டால் கையெடுத்துக் கும்பிடுவன். உங்கட வேலையை நீங்களே வைச்சுக்கொள்ளுங்கோ!"

கைதட்டல் அடங்க வெகுநேரம் பிடித்தது. 'ஓம் சேர்' கிறிஸ்தோப்பரா இது என்று ஊர் வாயைப் பிளந்தது. எம்.பி.யின் முகம் சுண்டிப்போனது.

அந்த நேரம் பார்த்து, வெள்ளைச் சேட்டுப் போட்ட ஒருவர் சனத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அந்த வழக்கை நடத்திய வவுனியாச் சட்டத்தரணி தர்மிளாவின் லிகிதர் தங்கராசா. கையில் ஒரு தடித்த கடித உறை.

"தீர்ப்பின்ர பிரதி கொண்டந்திருக்கிறன். வழக்காளியின்ர வீட்டை போனன், எல்லாரும் இஞ்சைதான் எண்டிச்சினம்."

"வழக்காளியோ!" எம்.பி. துள்ளி எழும்பினார். "ஆரப்பா அவன்? காட்டும்!"

கிறிஸ்தோப்பர் குறுக்கே பாய்ந்தார். "தம்பி, சொல்லாதையும்! அந்தத் தகப்பனைக் காட்டிக் குடுக்காதையும்!"

தங்கராசா உறையை அவருடைய கையிலேயே வைத்துவிட்டு, அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன அண்ணை கதைக்கிறியள்? மகள் நீட்டின பதினொரு தாளிலையும் கையெழுத்து வைச்ச தகப்பன் நீங்கள்தானே. ஒண்டையாவது வாசிச்சுப் பாக்கேல்லையோ?"