துரைக்கு வாய்த்த வக்கீல்

நாய் வளர்ப்பவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். குளிப்பாட்டுவார்கள், உண்ணி பொறுக்குவார்கள், தடுப்பூசிக்குத் தேதி குறித்து வைப்பார்கள், தெருவில் அது செய்துவிட்டுப் போவதைக் குனிந்து பையில் அள்ளிக்கொண்டு நிமிரும்போது இடுப்பைப் பிடித்துக்கொள்வார்கள். பாவம், நல்ல மனிதர்கள். சொல்ல வந்தது அவர்களைப் பற்றி அல்ல. அவர்களுக்குப் பக்கத்தில் கைவீசிக்கொண்டு இன்னொரு ரகம் நடந்து வரும். அது நாய்க்காகப் பேசுகிற ரகம். நாய் வக்கீல் என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரும் அவரை அமர்த்தவில்லை. கட்சிக்காரருக்கோ இப்படி ஒரு வழக்கு நடப்பதே தெரியாது.

அடையாளம் கண்டுகொள்வது சுலபம். நாய் உங்களைப் பார்த்துப் பல்லைக் காட்டினால் "சிரிக்கிறான்" என்பார். கால்சட்டையைக் கவ்வினால் "உங்கள ரொம்பப் பிடிச்சுப்போச்சு" என்பார். 'அது' என்று சொல்லிவிட்டால் முகம் சுண்டிப்போகும். இதெல்லாம் ஆரம்ப நிலை. முற்றிவிட்டால் நாய்க்காகப் பேசுவதோடு நிற்காமல் நாயின் குரலிலேயே பேசத் தொடங்கிவிடுவார். நாய்க்கு ஏது குரல் என்கிறீர்களா? மனிதனுக்கு மூக்கு எதற்கு இருக்கிறது?

ஒரு கண்ணாடிக் கடைக்காரரை எடுத்துக்கொள்வோம். கடையில் அவர் வாயிலிருந்து முத்து உதிராது. வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்பதோடு சரி. கடை கீழ்த்தளத்தில், வீடு அதே கட்டடத்தின் முதல் மாடியில். ஆள் வராத நேரமெல்லாம் படியேறி ஓடி வந்துவிடுவார். வாசலில் செருப்பைக் கழற்றினாரோ இல்லையோ, மூக்கு திறந்துகொள்ளும்.

"அப்பா வந்தாச்சு. துரைக்குப் பொழுதே போகல. அம்மா துரைக்குச் சோறே போடல. துரை பட்டினி."

இவ்வளவையும் மூக்கால் பேசிவிட்டு, "அப்படியாடா கண்ணு?" என்று சொந்தக் குரலில் ஆச்சரியப்பட்டு, "ஆமாம்ப்பா, வயிறு எரியுது" என்று மறுபடி மூக்கால் பதிலும் அவரே சொல்லிக்கொள்வார். துரை அந்த நேரத்தில் இரண்டாவது கிண்ணத்தையும் நக்கி முடித்துவிட்டு வாலைத் துரத்திக்கொண்டிருப்பான்.

துரையைக் கொண்டுவந்தது கல்லூரியில் படிக்கும் மகள். "எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன்" என்றாள். பார்த்துக்கொண்டாள், நான்கு நாள். ஐந்தாம் நாளிலிருந்து கழுத்து வாரும் பையும் அம்மா கைக்கு வந்து சேர்ந்தன. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் அந்த அம்மாள் காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை, ஞாயிற்றுக்கிழமை குளியல், மாதாமாதம் பூச்சி மருந்து என்று ஓடினாள். கடைக்காரர் தன் பங்குக்கு வாதாடினார்.

துரை குரைப்பதைக் குறைக்க அவர்தான் ஒரு திட்டம் போட்டார். குரைப்பதை நிறுத்தினால் ஒரு பிஸ்கட். மூன்றே நாளில் துரைக்கு விஷயம் பிடிபட்டது. நிறுத்த வேண்டுமென்றால் முதலில் குரைத்தாக வேண்டும். எதிரே வந்து நிற்பான், ஒரே ஒரு குரைப்பு, சட்டென்று வாயை மூடிக்கொண்டு பிஸ்கட் டப்பாவைப் பார்ப்பான்.

"சொன்ன பேச்ச எப்படிக் கேக்கறான் பாத்தியா?" என்றார் கடைக்காரர்.

"யாரு யார் பேச்சக் கேக்கறாங்கன்னு நல்லாத் தெரியுது" என்றாள் மனைவி.

இப்படியாகச் சுகமாக இருந்த வீட்டில்தான் அந்தக் கடிதம் வந்து விழுந்தது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் அனுப்பியது. ஏழாம் எண் வீட்டிலிருந்து பகல் முழுவதும் சத்தம் வருகிறது, இரவுப் பணி முடிந்து வந்து தூங்க முடியவில்லை, ஆவன செய்யவும் என்று மேல்வீட்டு நர்ஸ் புகார் எழுதியிருக்கிறார். ஞாயிறு காலை பத்து மணிக்கு நேரில் வந்து பார்ப்பேன். புகார் உண்மையென்றால், சங்கத்தின் விதிப்படி, ஒரு வாரத்துக்குள் நாயை வெளியேற்ற வேண்டும்.

அன்றிலிருந்து கடைக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. அவரை எவ்வளவு கேலி செய்தாலும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். துரை இல்லாத வீட்டை அவரால் நினைத்தே பார்க்க முடியவில்லை. கடையில் ஒரு தலைமையாசிரியருக்கு இடது கண் வில்லையை வலது பக்கம் மாட்டி அனுப்பிவைத்தார். மகள் குளியலறைக்குள் போய் அழுதாள். அதற்காக அவர் சும்மா உட்கார்ந்துவிடவில்லை. ஞாயிறு வரைக்கும் இருந்த மூன்று நாளும் கூடத்தில் மேலும் கீழும் நடந்து, துரையின் தரப்பை வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி ஒத்திகை பார்த்தார். துரையின் குரலில்தான், வேறு எந்தக் குரலில்?

ஞாயிற்றுக்கிழமை செயலாளர் நோட்டும் பேனாவுமாக வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். துரை அவர் காலணியை மோந்தான், ஒரே ஒரு தடவை குரைத்தான், நிறுத்தினான், டப்பாவைப் பார்த்தான். செயலாளர் நோட்டில் 'ஒன்று' என்று எழுதினார். பிஸ்கட் வராது என்று தெரிந்ததும் துரை தரையில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

அதோடு விட்டிருக்கலாம். வக்கீல் விடுவாரா?

"வணக்கம் சார், நான்தான் துரை" என்று மூக்கு ஆரம்பித்தது. "நான் ரொம்ப நல்ல பையன் சார். யாருக்கும் ஒரு தொந்தரவும் தர மாட்டேன் சார். அம்மா அப்பப்போ சாப்பாடு போடலன்னாக்கூட பசியோட சும்மா படுத்துப்பேன் சார்." சிறுவயது, தடுப்பூசி போட்ட அன்று காட்டிய வீரம், நிலாவைப் பற்றித் துரையின் அபிப்பிராயம் என்று இருபது நிமிடம் போயிற்று. செயலாளருடைய பேனா அந்தரத்திலேயே நின்றது. துரை குறட்டை விட்டான்.

கதவு தட்டப்பட்டது. மேல்வீட்டு நர்ஸ், தூக்கம் கலைந்த சிவந்த கண்களோடு நின்றாள்.

"சார், கேட்டீங்களா? இதேதான். தினமும் இதேதான்."

"ஒரு தடவைதானேம்மா குரைச்சுது?" என்றார் செயலாளர்.

"நாயப் பத்தி யாரு சார் எழுதினா? நாய் குரைச்சா எனக்கு ஒண்ணும் இல்ல, நான் பாட்டுக்குத் தூங்கிடுவேன். நான் சொன்னது அந்தப் பெரியவர."

"எந்தப் பெரியவர்?"

"மூக்கால அழுவாரே. பட்டினின்னுவாரு, வயிறு எரியுதுன்னுவாரு, வெளியில கூட்டிட்டுப் போகலன்னுவாரு. உடம்பு முடியாத மனுஷன ஒரு ரூம்ல போட்டுப் பூட்டிட்டாங்களோன்னு எனக்கு மனசே கேக்கல. எங்க சார் அவரு? நான் ஒரு தடவை பாக்கணும்."

மகள் மெல்லக் கையை நீட்டி அப்பாவைக் காட்டினாள்.

முதலில் சிரித்தது மனைவிதான். ஆறு மாதம் வாரைப் பிடித்து இழுபட்ட களைப்பெல்லாம் போகிற மாதிரி, சுவரில் சாய்ந்துகொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். செயலாளர் சிரிக்கவில்லை. அவர் பதவி அப்படிப்பட்டது. நோட்டில் எழுதி, உரக்கப் படித்தார். "நாய் இருக்கலாம். காலை எட்டு மணி முதல் மாலை ஐந்து மணி வரை நாயின் சார்பில் யாரும் பேசக் கூடாது."

எல்லாரும் போன பிறகு கடைக்காரர் அசடு வழிய நின்றார். துரை தப்பித்துவிட்டான். கொண்டாட வேண்டும் போல இருந்தது. மூக்கு வரைக்கும் வந்ததை எச்சிலோடு சேர்த்து விழுங்கினார். கூடத்தில் மின்விசிறி சுற்றுகிற சத்தம் அவருக்கு அன்றுதான் கேட்டது. துரை விழித்தான், சோம்பல் முறித்தான், அவரைத் தாண்டி நடந்து போய் மனைவியின் பாதத்தின் மேல் தாடையை வைத்துப் படுத்துக்கொண்டான். அதற்கு என்ன அர்த்தம் என்று எடுத்துச் சொல்ல அந்த வீட்டில் ஆளில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

நீங்கள் இதுவரை சிரித்தது எனக்குத் தெரியும். நம் வீட்டில் நாயே கிடையாது என்கிற தைரியம். இருக்கட்டும். போன வாரம் வந்த விருந்தாளி உங்கள் கணவரைப் பார்த்து "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டபோது, "அவருக்கென்ன, ஜம்முனு இருக்காரு" என்று சொன்னது யார்? "என்னம்மா படிக்கப்போற?" என்று மகளிடம் கேட்டதற்கு மூச்சு விடாமல் பதில் சொன்னது? "எங்க வலிக்குது?" என்று டாக்டர் உங்கள் அம்மாவைக் கேட்டபோது இடத்தைத் தொட்டே காட்டியது? துரையாவது எழுந்து அந்தப் பக்கம் போய்விட்டான். உங்கள் வீட்டார் மரியாதை தெரிந்தவர்கள். இன்னமும் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.