கோழித்துரை வீட்டுக் குளிர்

கடவுள் மனிதனைப் படைத்ததே கோழிக்குச் சேவகம் செய்யத்தான் என்று மனதார நம்பியவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அறுபதுகளின் தொடக்கத்தில், ஜெர்மனியின் எசன் நகரத்தின் ஓரத்தில், எனக்கு மாடி அறையை வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை, பிள்ளை இல்லை, சிரிப்பும் இல்லை. அவருடைய ஜெர்மன் பெயர் எங்கள் வாயில் நுழையாததால் நாங்களே ஒரு பெயர் வைத்தோம்: கோழித்துரை.

நாங்கள் என்றால், நானும் சிவஞானம் அண்ணையும். நான் திருச்சியிலிருந்து ஓர் இயந்திரத் தொழிற்சாலைக்குப் பயிற்சிக்குப் போனவன். அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர். அதே தொழிற்சாலை, அதே அறை, என்னைவிட நாலு வயது மூப்பு.

எங்கள் அறையில் கணப்பு கிடையாது. கீழே சமையலறை அடுப்பின் சூடு மனமிருந்தால் படியேறி மேலே வரும். பெரும்பாலும் அதற்கு மனமிருக்காது. கொல்லையில் இருந்த ஏழு கோழிகளின் அந்தஸ்து வேறு. அவற்றுக்கு முழங்கால் உயரத்துக்குப் புது வைக்கோல். உட்கார அகலமான கட்டை. அப்போதுதான் நெஞ்சு இறகால் கால்விரல்களைப் போர்த்திக்கொள்ள முடியுமாம். தண்ணீர் உறைந்துவிடும் என்று காலையில் ஒருமுறை, மத்தியானம் ஒருமுறை வெந்நீர். இருட்டுவதற்கு முன் மக்காச்சோளம். அது செரிக்கிற சூட்டில் விடியும்வரை தாக்குப்பிடிக்குமாம். எங்களுக்கும் வெந்நீர் உண்டு. சனிக்கிழமை, ஒரு வாளி.

ஒருநாள் துணிந்து, "அறை ரொம்பக் குளிராக இருக்கிறது," என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தார். "குளிர் யாரையும் கொல்லாது. ஈரம்தான் கொல்லும்," என்று சொல்லிவிட்டு, வாளியோடு தம் விருந்தாளிகளைக் கவனிக்கப் போய்விட்டார்.

ஜனவரியில், கொலோனில் இருந்த அவருடைய அக்கா இறந்துபோனார். சாவுக்குப் போகிற மனிதர் முகத்தில் அக்காவைப் பற்றிய துக்கம் எவ்வளவு, கோழிகளைப் பற்றிய கவலை எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். இரண்டு நாளைக்குப் பன்னிரண்டு கட்டளைகளை எழுதிக் கொடுத்தார். கடைசிக் கட்டளைக்குக் கீழே இரண்டு கோடு: கூட்டின் கூரைக்கு அடியில் இருக்கும் திறப்பை மூடக்கூடாது.

அன்று சாயங்காலமே மைனஸ் பதினெட்டு.

"அந்த ஓட்டை வழியா காத்து போகுது, அண்ணே. ஜெர்மன் லாஜிக் என்னவோ இருக்கட்டும். கோழிக்குக் குளிரும்கறது காமன்சென்ஸ்," என்றேன்.

"மூடவேண்டாம் எண்டு மனுசன் ரண்டு கோடு போட்டல்லோ வைச்சிருக்கிறார். என்னாலை ஏலாது, தம்பி. கேட்டால் நீர்தான் மறுமொழி சொல்லோணும்."

சொல்லிக்கொள்கிறேன் என்று சாக்கைச் சுருட்டித் திறப்பில் அடைத்தேன். ஜீவகாருண்யத்தின் கதகதப்பில் நன்றாகத் தூங்கினேன். அதன்பின் குளிர் உள்ளே போகாதபடி கதவை ஒரு சாண் மட்டும் திறந்து, வெந்நீரையும் சோளத்தையும் உள்ளே தள்ளியதோடு சரி.

மூன்றாம் நாள் மத்தியானம் அவர் திரும்பி வந்து கூட்டைத் திறந்தார். கோழிகள் விட்ட மூச்சு வெளியேற வழியில்லாமல் சுவரெல்லாம் நீராகி, நீர் உறைந்து பனியாகியிருந்தது. வைக்கோல் ஈரம். எச்சத்தின் நெடி கண்ணைக் கரித்தது. ஒரு புள்ளிக் கோழி மூலையில் குறுகி நின்றது; அதன் கொண்டையின் நுனி குளிரில் விறைத்துச் சாம்பல் நிறமாகியிருந்தது.

கோழித்துரை கத்தவில்லை. சாவுக்குப் போட்டுப்போன கறுப்புக் கோட்டோடு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தார். கோழியை மடியில் வைத்து, கொண்டையைத் தேய்க்காமல் உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டார். முக்கால் மணி நேரம். கோழி கோட்டின் மேல் தன்னால் ஆன மரியாதையைச் செய்தது. அவர் துடைக்கவில்லை.

"நான்தான் மூடினேன். பாவம் என்று நினைத்து," என்றேன்.

அவர் கோழியை இறக்கிவிட்டு, திறப்பிலிருந்த சாக்கை உருவி எறிந்தார். எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

நான் அறைக்குத் திரும்பிய சற்று நேரத்தில் எங்கள் மாடிப்படியில் அவருடைய பூட்ஸ் சத்தம் கேட்டது. "பெட்டியை அடுக்கும், தம்பி. இண்டைக்கே வேறை அறை தேடோணும்," என்றார் அண்ணை மெதுவாக.

உள்ளே வந்த கோழித்துரை அறையைச் சுற்றிப் பார்த்தார். ஜன்னல் இடுக்குகளில் நாங்கள் ஒட்டியிருந்த பத்திரிகைக் காகிதம், கொடியில் சொட்டிக்கொண்டிருந்த துணி, நீர் வழிந்த சுவர், மூன்று வாரமாக இருமிக்கொண்டிருந்த நான்.

"இங்கேயுமா?" என்றார்.

காகிதத்தைக் கிழித்தார். ஜன்னலின் மேல் கதவை ஒரு விரல் அளவு திறந்தார். என் கட்டிலைச் சுவரைவிட்டு நகர்த்தினார். கீழே போய், இரண்டு கை நிறைய வைக்கோலோடு வந்து மெத்தைக்கு அடியில் பரப்பினார். இருட்டுவதற்கு முன் ஆளுக்கு ஒரு கிண்ணம் மக்காச்சோளக் கஞ்சி வந்தது.

அண்ணை கஞ்சியைப் பார்த்தபடி சொன்னார்: "மனுசன் எங்களையும் கூட்டிலை சேர்த்துப்போட்டார்."

ஒரு வாரத்தில் என் இருமல் நின்றது. எனக்கே அது அவமானமாக இருந்தது. புள்ளிக் கோழி கொண்டையில் ஒரு நுனியை மட்டும் இழந்து, வசந்தத்தில் வழக்கம்போல முட்டையிட்டது.

அந்த வாரத்திலிருந்து இன்னொரு பழக்கமும் வந்தது. சாயங்காலம் கூட்டை அடைக்கும்போது அவர் கோழிகளைச் சத்தமாக எண்ணுவார். ஏழு வந்ததும் மாடியேறி எங்கள் கதவைத் திறந்து, "எட்டு, ஒன்பது," என்று சொல்லிவிட்டு இறங்கிப்போவார். வேறு பேச்சு கிடையாது.

பயிற்சி முடிந்து அண்ணைக்கு முன்னால் நான் கிளம்பினேன். ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது வெளியே இருட்டத் தொடங்கியது. இன்றைக்கு அவர் எட்டோடு நிறுத்த வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். எதிரே இருந்த ஜெர்மன்காரர் பார்க்காதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.