கோபிசங்கர் கிளினிக் தெரிவு செய்த கதை

"கிளினிக்கைத் தெரிவு செய்யிறது என்ரை பொறுப்பு. நீர் அதிலை தலை போடக் கூடாது" என்று இடியப்பத்தைப் பிய்த்தபடி கோபிசங்கர் அறிவித்தான்.

தனுசியா சொதிச் சட்டியை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"ஓமப்பா. நீங்களே பாருங்கோ."

அவ்வளவுதான். கோபிசங்கருக்குச் சப்பென்று போய்விட்டது. ஒரு மணித்தியாலம் சண்டை பிடிக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தவன், எதிரே ஆளில்லாத மைதானத்தில் துடுப்புமட்டையோடு நின்றவன்போல் முழித்தான்.

பத்து வருசமாகப் பிரதேச செயலகத்தில் வேலை செய்கிறவள் தனுசியா. கத்திக்கொண்டு வருகிற சனத்தை ஒரு நாளும் எதிர்த்துக் கதைக்க மாட்டாள். "ஓம் ஐயா, நீங்கள் சொல்லுறது சரி" என்பாள். வந்தவர் வென்ற களிப்போடு வீட்டுக்குப் போவார். படலையைத் திறக்கும்போதுதான் வந்த அலுவல் முடியவில்லை என்பது அவருக்கு ஞாபகம் வரும். இந்தச் சங்கதி கோபிசங்கருக்கும் தெரியும். ஆனால் அது மற்ற ஆம்பிளைகளுக்கு நடக்கிற ஒன்று என்று நினைத்திருந்தான்.

நீர்வேலியில் அவனுக்குப் பெரிய வாழைத் தோட்டம். அவன் நட்ட வாழை ஒன்றுகூடப் பட்டுப்போனதில்லை. அடியைச் சுற்றிக் குட்டி தள்ளிக்கொண்டே இருக்கும். "தோட்டத்திலை மட்டும் வஞ்சகமில்லாமல் விளையுது" என்று சந்தையில் பகிடி விடுவார்கள். அவனும் சிரிப்பான். கலியாணமாகி ஏழு வருசமாகச் சிரித்துக்கொண்டுதான் இருந்தான்.

போன மாதம் சொந்தத்துக்குள் ஒரு வீட்டில் முப்பத்தொண்டு, பிறந்த பிள்ளைக்கு முப்பத்தோராம் நாள் சடங்கு. பிள்ளையை ஒவ்வொருவராக வாங்கிக் கொஞ்சினார்கள். தனுசியா கையை நீட்டினாள். பிள்ளை அவளைத் தாண்டி அடுத்த ஆளின் கைக்குப் போனது. வீட்டுக்கு வந்ததும் அவள் கிணற்றடிக்குப் போய், காலையில் தோய்த்துக் காயப்போட்ட உடுப்புகளையெல்லாம் எடுத்துத் திரும்பவும் தோய்த்தாள். கோபிசங்கர் மோட்டரைப் போட்டுத் தண்ணீர் இறைத்துக் கொடுத்தான். அன்றைக்குத்தான் இருவரும் முடிவெடுத்தார்கள். பெரியாஸ்பத்திரி டொக்டர் தனுசியாவிடம் முன்பே சொன்ன சோதனைக்குழாய்ச் சிகிச்சைதான் வழி. இனி நல்ல இடமாகப் பார்க்க வேண்டியதுதான் பாக்கி.

முடிவெடுத்த கையோடு கோபிசங்கர் போனில் ஒரு காணொளி பார்த்தான். அதில்தான் அந்தப் பேரிடியை அறிந்தான். எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் முதலில் சோதிப்பது புருசனைத்தானாம். ஒரு சின்னப் போத்தலைக் கையில் தருவார்களாம். ஒரு அறையைக் காட்டுவார்களாம். கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே போக வேணுமாம். வெளியே சனம் குந்தியிருக்குமாம்!

அன்றிலிருந்து கோபிசங்கர் தண்ணீர்ப் போத்தலைக் கண்டாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதனால்தான் அந்த அறிவிப்பு. தெரிவு செய்கிற உரிமை தன் கையில் இருந்தால், தெரிவு செய்துகொண்டே காலத்தைக் கடத்தலாம் அல்லவா?

முதலில் யாழ்ப்பாணம் டவுனில் இருந்த ஒரு கிளினிக்கை வேவு பார்க்கத் தனியே போனான். கழற்றினால் யாராவது கண்டுவிடுவார்கள் என்று ஹெல்மெற்றோடேயே உள்ளே நுழைந்து, மூலைக் கதிரையில் இருந்தான். பக்கத்துக் கதிரையிலும் ஒருவர் ஹெல்மெற்றோடு இருந்தார். இரண்டு பேரும் அசையாமல் இருந்தார்கள். கடைசியில் மற்ற ஹெல்மெற் மெல்லக் கேட்டது.

"கோபியண்ணையே?"

குருநகர் ஜெறோம். சந்தையில் அவனுடைய மீன் வியாபாரமும் கோபிசங்கரின் வாழைக்குலையும் எதிரெதிரே.

"நீ என்னடாப்பா இஞ்சை?" என்றான் கோபிசங்கர், நீதவான் குரலில்.

"நானோ? நான் டொக்டரம்மாவுக்கு மீன் குடுக்க வந்தனான். விளைமீன் கேட்டவ. நீங்கள்?"

"நான் குலை குடுக்க வந்தனான்."

"குலை எங்கை?"

"வெளியிலை. மீன் எங்கை?"

"அதுவும் வெளியிலைதான்."

அப்போது பார்த்து வரவேற்பு மேசையிலிருந்த பெண் எழும்பி, "அண்ணையவை, ஹெல்மெற்றைக் கழட்டுங்கோ. இது பெற்றோல் அடிக்கிற செற் இல்லை" என்றாள். இரண்டு பேரும் எழும்பி, ஒருவரையொருவர் பாராமல், ஒரே வாசலால் முட்டுப்பட்டு வெளியே போனார்கள்.

"டவுன் சரிவராது. சந்தை முழுக்க அங்கைதான் குந்தியிருக்குது" என்று வீட்டில் தீர்ப்புச் சொன்னான்.

"ஓமப்பா, பாவம். பார்த்தால் கதை கட்டுவினம்தான்" என்றாள் தனுசியா.

"அதோடை டொக்டரும் பொம்பிளை."

"ஐயோ, அது வெக்கம்தான்."

"இன்னொரு இடமும் விசாரிச்சனான். அங்கை டொக்டர் ஆம்பிளை. ஆனால் சரியான இளந்தாரி. மீசையே வடிவா முளைக்கேல்லை. உவருக்கு என்ன தெரியும்?"

"மெய்தான்" என்றாள். பிறகு வெங்காயத்தை உரித்தபடி, "ஏனப்பா, போன வருசம் நீங்கள் ஆய்வுகூடத்திலை வளர்த்த வாழைக்கண்டு வாங்கி நட்டனீங்களெல்லே?" என்று கேட்டாள்.

"ஓம். திசு வளர்ப்பு. அருமையான கண்டு. ஒரு நோய் இல்லை."

"அது எதுக்குள்ளை வளர்ந்தது?"

"போத்தலுக்குள்ளை."

சொன்ன பிறகுதான் எங்கே வந்து நிற்கிறோம் என்று விளங்கியது. தனுசியா அவனை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ஆரோ போத்தலைத் தொட்டிருக்கினம்தானே எண்டு கேட்டனான். வேறை ஒண்டுமில்லை" என்றாள்.

கோபிசங்கர் மோட்டர் போட வேணும் என்று எழும்பித் தோட்டத்துக்குப் போனான். அன்றைக்கு வாழைக்குத் தண்ணீர் முறையே இல்லை.

இனி யாழ்ப்பாணத்தில் குறை பிடிக்க இடமில்லை என்றதும் அவன் கொழும்புக்குப் போன் போட்டான். பெரிய கிளினிக். ஒரு பிள்ளை தேன் குரலில் கதைத்தாள்.

"தங்கச்சி, மனுசியை மட்டும் அனுப்பினால் காணாதோ?"

"இல்லை சேர், கணவரும் வரவேணும்."

"கணவர் வெளிநாட்டிலை எண்டால்?"

"சேர், நீங்கள் கணவர் இல்லையா?"

"நான்... கணவர்தான். இப்ப வெளிநாட்டிலை இல்லை. சும்மா கேட்டனான்."

"பரவாயில்லை சேர். ஆனால் இப்போதைக்கு இடமில்லை. நல்லூர்த் திருவிழா முடியத்தான் டொக்டரைப் பார்க்கலாம்."

கோபிசங்கருக்கு அந்தப் பிள்ளையைக் கையெடுத்துக் கும்பிட வேணும்போல் இருந்தது. திருவிழாவுக்கு இன்னும் எவ்வளவோ காலம் கிடந்தது. அதற்குள் என்னவும் நடக்கலாம்! குசினிக்குள் துள்ளிக்கொண்டு ஓடினான்.

"இஞ்சரப்பா, தெரிவு செய்தாச்சு! கொழும்பு! இடமே இல்லையாம், சனம் வழியுதாம். அப்பிடியெண்டால் எவ்வளவு திறமான இடமாய் இருக்க வேணும்!"

"நல்ல தெரிவு" என்றாள் தனுசியா. முகம் மலர்ந்திருந்தது. "பொறுங்கோ, குணலட்சுமி மாமிக்குப் போன் எடுக்கிறன்."

கோபிசங்கரின் துள்ளல் நின்றது.

குணலட்சுமி மாமி தனுசியாவின் தகப்பனின் தங்கச்சி. கொழும்பு வெள்ளவத்தையில் இருப்பவர். ரொறன்ரோ, லண்டன், நீர்வேலி மூன்றையும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் கட்டி ஆள்பவர். முன்பொரு முறை கோபிசங்கருக்குக் கொழும்பில் மூலத்துக்கு ஒப்பரேசன் செய்தபோது மாமிதான் கூட நின்றார். மாமி மூலமாகத்தான் அவனுடைய மூலம் உலகறிந்தது. பாரிசிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் போன் எடுத்து, "தம்பி, இப்ப கதிரையிலை இருக்க முடியுதோ?" என்று கேட்டார்.

"மாமிக்கு ஏனப்பா சொல்லுவான்?" என்றான் மெல்ல.

"பின்னை எங்கை தங்குறது? அதோடை, மாமியின்ரை பக்கத்து வீட்டுப் பிள்ளை உந்தக் கிளினிக்கிலைதானே வேலை. மாமி ஒரு சொல்லுச் சொன்னால் வாற கிழமையே இடம் கிடைச்சிடும்."

"வாற கிழமையோ?"

"ஓம். உங்களோடை உள்ளுக்கும் வருவா. நீங்கள் தனிய வெக்கப்படத் தேவையில்லை. போன முறையும் வாசலிலையே நிண்டு எல்லாருக்கும் உடனுக்குடன் செய்தி சொன்னவதானே."

கோபிசங்கரின் கண்முன்னே ஒரு பூட்டிய கதவு தெரிந்தது. கதவுக்கு இந்தப் பக்கம் அவனும் போத்தலும். அந்தப் பக்கம் மாமியும் போனும்.

"யாழ்ப்பாணம்!" என்று கத்தினான்.

"என்னப்பா?"

"யாழ்ப்பாணம்தான் திறம். டவுனுக்கே போவம்."

தனுசியா நெற்றியைச் சுருக்கினாள். "சீ, சந்தைச் சனம் பாக்குமெல்லே?"

"பாக்கட்டுமே! நாங்கள் என்ன களவெடுக்கவோ போறம்?"

"டொக்டர் பொம்பிளை."

"டொக்டரிலை என்னப்பா ஆம்பிளை, பொம்பிளை? படிச்சவ. கைராசியாம்."

"எனக்கெண்டால் மாமியோடை கொழும்பு போறதுதான் விருப்பம்..."

"நீர் ஒண்டும் கதையாதையும்! தெரிவு செய்யிறது நான். டவுன் எண்டால் டவுன்தான்!"

தான் பிடித்த ஒவ்வொரு குறையையும் தானே அடித்து நொறுக்கினான். தனுசியா கடைசிவரை இழுத்துப் பிடித்துவிட்டு, "நீங்கள் இவ்வளவு பிடிவாதமாய் நிக்கிறதாலை வாறன்" என்று அரைமனதோடு இறங்கினாள். கோபிசங்கர் வியர்வையைத் துடைத்தான். ஏழு வருசத்தில் முதல் தடவையாக மனுசியை வாதத்தில் வென்றிருந்தான்!

அடுத்த கிழமை கிளினிக்குக்குப் போனார்கள். கோபிசங்கர் முன்னால் தளபதிபோல் நடந்தான். வரவேற்பு மேசையில் அதே பெண்தான் இருந்தாள். பெயர் லவீனா என்று சட்டையில் குத்தியிருந்தது. அவள் கோபிசங்கரைத் தாண்டிப் பின்னால் பார்த்துச் சிரித்தாள்.

"வாங்கோ தனுசியாக்கா! உங்கடை இரத்தம், ஸ்கான் எல்லாம் நல்லாய்க் கிடக்காம். டொக்டரம்மா சொன்னவ. இனி அண்ணையின்ரைதான் மிச்சம்."

கோபிசங்கர் திரும்பி மனுசியைப் பார்த்தான்.

"பேந்து கதைப்பம். முதல் போத்தலை வாங்குங்கோ" என்றாள் தனுசியா.

போத்தல் கைக்கு வந்தது. அவன் நினைத்ததைவிடச் சின்னது. அவளைச் சுவரோரமாகக் கூட்டிக்கொண்டு போனான்.

"எனக்கு வெக்கம் மட்டுமில்லையப்பா" என்றான். குரல் இறங்கியிருந்தது. "என்னிலைதான் பிழை எண்டு வந்தால்?"

தனுசியா அவன் பக்கம் திரும்பினாள். பகிடி ஒன்றும் விடவில்லை.

"வந்தால் வரட்டும். ஏழு வருசமாய் என்னிலைதான் பிழை எண்டு சனம் சொல்லுது. நான் செத்தோ போனன்? நீங்களும் கொஞ்சம் சுமவுங்கோ. ரெண்டு பேர் சுமந்தால் பாரம் குறையும்."

கோபிசங்கருக்கு அந்த முப்பத்தொண்டு வீடு ஞாபகம் வந்தது. நீட்டிய கை அப்படியே மடிக்குத் திரும்பியதும் ஞாபகம் வந்தது. போத்தலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அறையை நோக்கி நடந்தான்.

கதவு உள்ளிருந்து திறந்தது. வெளியே வந்தவன் ஜெறோம். அவன் கையிலும் ஒரு போத்தல், கடதாசியால் பக்குவமாகச் சுற்றியபடி.

இரண்டு பேரும் நின்றார்கள்.

"மீன் குடுத்தாச்சோ?" என்று கேட்டான் கோபிசங்கர்.

"குடுத்தாச்சு அண்ணை. நீங்கள் போய்க் குலையைக் குடுங்கோ" என்று சொல்லிவிட்டு ஜெறோம் நிமிர்ந்த நெஞ்சோடு நடந்து போனான். அதைக் கண்டதும் கோபிசங்கருக்கும் எங்கிருந்தோ ஒரு துணிவு வந்தது.

முடிவு சொல்லும் நாளில் இருவரும் டொக்டரம்மாவின் முன்னால் இருந்தார்கள். தனுசியா மேசைக்குக் கீழே அவனுடைய கையைப் பிடித்திருந்தாள்.

"பயப்பட ஒண்டுமில்லை" என்றார் டொக்டரம்மா. "விந்தணு எண்ணிக்கை பரவாயில்லை. ஆனால் அசைவுதான் குறைவு. சரியான மெதுவாய்த்தான் போகினம். சிகிச்சையிலை நாங்களே அவையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பம். நம்பிக்கையோடை துடங்கலாம்."

"மெதுவாயோ டொக்டர்?" என்றாள் தனுசியா. "அப்ப எல்லாம் இவரின்ரை பிள்ளையள்தான். சந்தேகமே இல்லை."

டொக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். கோபிசங்கரும் சிரித்தான். ஏழு வருசத்துச் சிரிப்புகளில் இது ஒன்றுதான் வயிற்றிலிருந்து வந்தது. சிரித்து முடியக் கண் கலங்கியது. தூசி என்று சொல்லித் துடைத்தான்.

மோட்டார் சைக்கிள் நீர்வேலிப் பக்கம் திரும்பியபோது அவன் பழைய கோபிசங்கர் ஆகிவிட்டான்.

"பாத்தீரே, நான் தெரிவு செய்த இடத்தின்ரை திறத்தை! கொழும்புக்குப் போயிருந்தால் மாமியின்ரை வாயிலை விழுந்து எழும்பியிருக்க வேணும்."

"மாமி கார்த்திகையிலையே கனடாவுக்குப் போயிட்டா. வெள்ளவத்தை வீடு பூட்டிக் கிடக்கு" என்றாள் தனுசியா, பின்னாலிருந்து.

மோட்டார் சைக்கிள் ஒரு ஓரமாய் நின்றது.

"அப்ப நீர் அந்தக் கிளினிக்குக்கு எப்பவிருந்து போறனீர்?"

"தைப்பொங்கல் முடிஞ்சதிலையிருந்து. அரை நாள் லீவு போட்டு நாலைஞ்சு இடம் ஏறி இறங்கினனான். இந்த டொக்டரம்மாதான் ஆறுதலாய் விளங்கப்படுத்தினவ. பிடிச்சுக்கொண்டுது."

"அப்ப நான் தெரிவு செய்தது?"

"நீங்கள்தானேயப்பா தெரிவு செய்தனீங்கள்? நான் வேண்டாம் எண்டு எவ்வளவு சொன்னனான்!"

கோபிசங்கர் றோட்டைப் பார்த்தபடி யோசித்தான். யோசிக்க யோசிக்க, தோற்றது எந்த இடத்தில் என்று பிடிபடவே இல்லை. கடைசியில் பெருமூச்சு விட்டான்.

"சரியப்பா. இனி எல்லாத்தையும் நீரே தெரிவு செய்யும்."

"சீச்சீ, அது உங்கடை பொறுப்பு" என்று தனுசியா அவன் தோளைத் தட்டினாள். "வாற செவ்வாய்க்கிழமை காலமை எனக்கு ஊசி துடங்குது. எந்த நாள் துடங்கிறது எண்டு நீங்கள் ஆறுதலாய் யோசிச்சு ஒரு முடிவைச் சொல்லுங்கோ."