வானத்தட்டில் நெய்ச்சோறு

அலவத்துகொட,
1934 ஜூலை 14, சனி.

பிரியமுள்ள மச்சான் றவூப் அவர்களுக்கு, முஹைதீன் மாஸ்டர் சலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லாருக்கும் சுகம். உங்கள் தங்கை றமீலாவுக்கு இருமல் நின்று, மறுபடியும் என்னை ஏசத் தொடங்கிவிட்டாள். கொழும்பில் உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் குறைவில்லாத சுகம் கிடைக்க துஆச் செய்கிறோம்.

மச்சான், இங்கே ஒரு கூத்து நடந்துவிட்டது. ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முந்திய சுமேரியருடைய நட்சத்திரத் தட்டைப் புத்தகத்தில் பார்த்து வரைந்து அனுப்பினீர்களே, அதைக் களிமண்ணில் செய்தால் பிள்ளைகள் உடைத்துவிடுவார்கள் என்று கண்டியில் பித்தளை வேலைக்காரர் ஒருவரிடம் செய்வித்தேன். கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளைக்கும் தெரியட்டும் என்று பெரிய சுளகளவுக்குப் பெருப்பித்து, படத்தில் உள்ளபடியே எட்டுப் பங்காகக் கோடு கீறி, நட்சத்திரங்களைப் புள்ளியாகக் குத்துவித்து, களிம்பு பிடிக்காதிருக்க ஈயமும் பூசுவித்தேன். பள்ளிக்கூட மனேஜர் ஹபீல் ஹாஜியாருக்கு வானசாஸ்திரம் வீண் வேலை. திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து நல்லது என்று எழுதினால் நட்சத்திர வகுப்பு நடக்கும், இல்லாவிட்டால் தட்டு பழைய பித்தளைக் கடைக்குப் போகும் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமை அவருடைய மகள் பாயிஸாவுக்குக் கலியாணம். விருந்துச் சோறு வைக்க ஊரிலுள்ள சஹன் தட்டெல்லாம் சேர்த்தும் ஒன்று குறைந்ததாம். சமையலுக்கு வந்தவர்கள் பள்ளிக்கூடச் சுவரில் பளபளவென்று தொங்கியதைக் கண்டு, மனேஜர் வீட்டுச் சாமான் என்று கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நான் அறியேன். விருந்துக்கு இன்ஸ்பெக்டரும் வந்திருந்தார். யாழ்ப்பாணத்து மனிதர்; தனி மேசை போட்டதையும் வேண்டாமென்று எங்களோடு பாயில் அமர்ந்துவிட்டார். சஹனுக்கு ஆறு பேர் என்பதுதானே நம் வழக்கம், எங்களுடையது அகலம் என்று எட்டுப் பேரை உட்காரவைத்தார்கள். பிஸ்மி சொல்லி நெய்ச்சோற்றில் கை வைக்கிறேன், விரலில் ஒரு கோடு தட்டுப்படுகிறது. கொஞ்சம் தள்ளினால் புள்ளிகள். என் நட்சத்திரத் தட்டேதான் மச்சான்! இன்ஸ்பெக்டர் கண்ணில் பட்டால், பாடசாலைச் சாமானில் சோறு தின்னும் மாஸ்டர் என்று என் பெயர் கொழும்புவரை நாறும். தெரிந்த இடத்தையெல்லாம் சோற்றால் மூடினேன். மூட மூட மற்றவர்கள் தின்கிறார்கள். இன்னும் சோறு கொண்டு வாங்க என்று நான் போட்ட சத்தத்தில் பெண்கள் பக்கம்வரை சிரிப்பு. பக்கத்திலிருந்த சாச்சா என்னை மேலும் கீழும் பார்த்து, றமீலா வீட்டில் சமைப்பதில்லையா என்று கேட்டார்.

அதற்குள் எதிர்ப்பக்கம் சண்டை. கடைக்கார ஷிராஸ் நாநா இறைச்சித் துண்டொன்றை எட்டி எடுக்க, பக்கத்து ஆள் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஒங்கட கோட்டுக்குள்ள தின்னுங்க நாநா. இது என்ட பங்கு, பாருங்க, கோடு போட்டீக்கி.”

எட்டுப் பேரும் குனிந்து பார்த்தார்கள். இனி மறைக்க ஒன்றுமில்லை. இன்ஸ்பெக்டர் ஒரு புள்ளிக் கூட்டத்தில் விரலை வைத்து இது என்ன என்று கேட்டார். அந்த நேரம் வெட்கம், பயம் எல்லாம் பறந்துவிட்டது. கார்த்திகைக் கூட்டம் என்றேன். சுமேரியரும் நம்மைப்போலப் பிறை பார்த்துத்தான் மாதம் தொடங்கினார்கள் என்றேன். ஆளாளுக்குத் தன் பங்குச் சோற்றைத் தின்று தீர்த்துவிட்டு, எனக்கு என்ன நட்சத்திரம் வந்திருக்கிறது என்று கேட்க, எட்டுப் பங்கையும் விளக்கினேன். பக்கத்து சஹன்காரரும் எழுந்து வந்து நின்றார்கள். இத்தனை வருஷம் படிப்பித்தும் இப்படி ஒரு வகுப்பு எனக்கு வாய்த்ததில்லை. இன்ஸ்பெக்டர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார், இனிப்புக்கு வட்டிலப்பம் வந்த பிறகுங்கூட. சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

மனேஜரும் இப்போது என் பக்கம். ஆனால் புதுத் தொல்லை ஒன்று. ஊருக்கெல்லாம் கோடு போட்ட சஹன்தான் வேண்டுமாம், சண்டையில்லாமல் தின்னலாமாம். வத்தேகமயிலிருந்துகூட ஆள் வந்து கேட்கிறது. ஆகவே வகுப்புக்கென்று வேறொரு தட்டுச் செய்ய, படத்தை இன்னொரு முறை வரைந்து உடனே அனுப்புங்கள். இம்முறை களிமண்ணில் செய்து நடுவில் ஒரு ஓட்டையும் போடுவேன், யார் அதில் சோறு கொட்டுகிறார் பார்ப்போம்.

மைனிக்கு சலாம், பிள்ளைகளுக்கு முத்தங்கள். உங்கள் தொழிலில் அல்லாஹ் பறக்கத்தைச் சொரிவானாக.

இப்படிக்கு,
மச்சான் முஹைதீன்

பி.கு.: தபாலில் போடுமுன் திங்கட்கிழமை வந்துவிட்டது, இன்ஸ்பெக்டரும் வந்துவிட்டார். தட்டு எனக்குச் சொல்லாமலே வத்தேகமக் கலியாணத்துக்குப் போயிருக்கிறது. மனேஜர் பதறிப்போய்த் தன் வீட்டு வெறும் சஹனைக் கொண்டுவந்து ஆணியில் மாட்டினார். அதில் ஒரு கோடில்லை, ஒரு புள்ளியில்லை. இன்ஸ்பெக்டர் கண்ணாடி போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். “ஓம் மாஸ்டர், அண்டைக்குச் சோறு மறைச்சுப்போட்டுது. இண்டைக்குத்தான் வடிவா விளங்குது” என்றார். நட்சத்திர வகுப்புக்கு உத்தரவு கிடைத்துவிட்டது. படம் அனுப்ப வேண்டாம்.