தொலைந்துபோன ஸ்கொட்லாந்து மனைவி

எனக்கு மூன்று மொழிகள் தெரியும் என்று இளவயதில் சொல்லித் திரிந்தேன். அதில் ஆங்கிலத்தைத் தயவுசெய்து கழித்துவிடுங்கள்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. ஜேர்மனியின் பான் நகரில் ஒரு சிறிய கலாசார மண்டபத்தில் அவுஸ்பில்டுங் (சம்பளத்தோடு தொழில் பழகுவது) முடிக்கிற கட்டம். அங்கேயே நிரந்தரமாக எடுப்பார்களா என்பதுதான் வீட்டில் மூன்று வேளையும் பேச்சு. அப்போதுதான் ஸ்கொட்லாந்திலிருந்து வயதான நாட்டுப்புறப் பாடகர் ஒருவர் கிட்டாரோடு வந்தார். பாட்டுகளுக்கு இடையே தன் வாழ்க்கையைச் சொல்வாராம். யாராவது ஜேர்மனில் மொழிபெயர்க்க வேண்டும். நான் கையைத் தூக்கினேன்.

“என்ர பிள்ளை மேடையில கதைக்கப் போறாள், வாங்கோ!” என்று அப்பா தேவாலயத்துச் சனத்தில் பாதியைக் கூட்டிவந்து முன்வரிசையில் இருத்திவிட்டார்.

தொடக்கம் மோசமில்லை. மீன்பிடி ஊரில் பிறந்தார், அண்ணனின் பழைய கிட்டாரில் பழகினார், மதுச்சாலைகளில் பாடிப் பெயரெடுத்தார். பிறகு குனிந்துகொண்டு, “நாற்பது வயதில் என் வைஃப் போய்விட்டது” என்றார். (என் காதுக்கு அப்படித்தான் கேட்டது.)

“நாற்பது வயதில் இவருடைய மனைவி இவரை விட்டுப் போய்விட்டார்” என்றேன். முன்வரிசையில் யாரோ ‘உச்’ கொட்டினார்கள்.

வைத்தியர்கள் கைவிட்டார்களாம். இரண்டு வருடம் வெறும் கிட்டார்தானாம். ஒருநாள் குளிக்கும்போது அது திரும்பி வந்ததாம். (மனைவியை ‘அது’ என்கிறாரே என்று சற்று இடித்தது. அந்த ஊர் வழக்கமாக்கும் என்று விட்டுவிட்டேன்.) ஆனால் வந்தது பழையபடி இல்லை, தடித்து, கரகரத்துப் போயிருந்தது. முதலில் வெறுப்பாக இருந்ததாம். பிறகு இதை வைத்துத்தான் காலம் தள்ள வேண்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாராம். ஒரு சொல் விடாமல் அத்தனையும் மொழிபெயர்த்தேன்.

பின்னால் சீடி விற்ற மேசையிலிருந்து ஓர் அம்மா எழுந்தார்.

“அந்த மனைவி நான்தான்!” என்றார், சுத்தமான ஜேர்மனில். “கல்யாணம் கட்டிய நாளிலிருந்து இவரோடுதான் இருக்கிறேன். போனது இவருடைய குரல்!”

குரல். வொய்ஸ். அவருடைய ஊர் உச்சரிப்பில் அது ‘வைஸ்’. (மேடைக் கூச்சத்தால்தான் அந்த அம்மா மொழிபெயர்க்க மறுத்தாராம். அந்தக் கூச்சத்தை அன்று நான் குணமாக்கினேன்.)

மண்டபம் இடிய இடியச் சிரித்தது. ஏன் சிரிக்கிறார்கள் என்று பாடகர் என்னைக் கேட்டார். எனக்கிருந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். அவர் சிரிக்கவில்லை. குரல் போன கதையை அவர் மேடையில் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவையாம். மிச்சப் பாட்டுகளை ஒரு வார்த்தை பேசாமல் பாடினார். மொழிபெயர்க்க ஒன்றுமில்லாமல், இறங்கிப் போகவும் துணிவில்லாமல், நான் கடைசிவரை பக்கத்தில் நின்றேன்.

வீடு திரும்பும்போது அப்பா பத்தடி முன்னால் நடந்தார். அம்மாதான், “உன்ர ஜேர்மன் நல்லா இருந்தது, பிள்ளை” என்றார்.

வேலை கிடைக்கவில்லை. நிதி போதாது என்றார்கள். நம்பியதுபோல் தலையாட்டினேன்.

இன்றும் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தொண்டை கட்டுவதில்லை, மனைவிதான் தொலைந்துபோவாள். போன மாதம் என் கணவருக்குத் தடிமன் பிடித்துத் தொண்டை கட்டியது. தொலைபேசியில் அப்பாவிடம், “மாமா, கதைக்க ஏலாது, வைஃப் போயிட்டுது” என்று கரகரத்தார்.

அவருக்கு இஞ்சித் தேநீர் ஊற்றிக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன்.