அரைஞாணில் ஏறிய கொலுசு

முப்பத்திரண்டு ஆண்டுகள் வேதியியல் கற்பித்தவன் நான். அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது என்பதைத் தூக்கத்திலும் சொல்வேன். அப்படிப்பட்டவன் மின்னாற்பகுப்பில் மண்ணைக் கவ்வியதை நானே சொல்லிவிடுகிறேன். (விட்டால் என் மனைவி சொல்வாள். நான் சொன்னால் கொஞ்சம் மரியாதை மிஞ்சும்.)

முதல் வேலை சித்திரபுரம் பக்கம் ஒரு பள்ளியில். மீனாட்சிபுரத்திலிருந்து கம்பளியும் கர்வமுமாகப் போய் இறங்கினேன். அங்கே வசந்தா, தையல் டீச்சர். அப்பாவுக்கு மின்வாரியத்தில் வேலை. ஓராண்டு முழுக்க நான் அவளிடம் பேசியது, "மழை வருமுங்களா டீச்சர்?" என்பது மட்டும்தான். நாள் தவறாமல் மழை பெய்யும் அந்த மலையூரில் அது ஒரு கேள்வியே இல்லை.

அவள் அப்பாவுக்கு மாற்றல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை லாரி. வெள்ளிக்கிழமை அவள் ஆய்வகத்துக்கு வந்து ஒற்றைக் கொலுசை மேசையில் வைத்தாள். செம்பில் வெள்ளி முலாம் பூசியது; முலாம் தேய்ந்து செம்பு தெரிந்தது.

"சார், பிள்ளைங்ககிட்ட முலாம் பூசுறதப் பத்திப் பெருசாச் சொன்னீங்களாமே. இதுக்குப் பூச முடியுமா? எங்க அம்மாவோடது."

"ஒண்ணு மட்டுமுங்களா?"

"இது நல்லா வந்தா இன்னொண்ணும் தாரேன்."

இன்னொன்று என்றால் இன்னொரு சந்திப்பு. அதைத் திருப்பிக் கொடுக்கும்போது, 'உங்கப்பாகிட்ட வந்து பேசட்டுங்களா' என்று கேட்டுவிடுவதாக முடிவு செய்தேன்.

முறைப்படி வெள்ளி நைட்ரேட் கரைசல் வேண்டும். பள்ளியில் அந்தக் குப்பி காலி. என்னிடம் இருந்த ஒரே வெள்ளி, அம்மா என் இடுப்பில் கட்டிவிட்ட அரைஞாண். கழற்றிவிட்டேன். (ஆண்பிள்ளை வெறும் இடுப்போடு இருக்கக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். சணல் கயிறு கட்டிக்கொண்டேன்.) நீர்த்த கந்தக அமிலமே போதும் என்று நானே ஒரு புது முறையும் வகுத்தேன். ஒரு ஜீப் பாட்டரியை இரவல் வாங்கினேன்.

சனிக்கிழமை காலை அவள் பக்கத்தில் நின்று பார்த்தாள்.

"என் கொலுசு எதுல சார்?"

"ப்ளஸ்லங்க. குடுக்கற நானு மைனஸ். வாங்கற நீங்க ப்ளஸ்."

சிரித்தாள். அந்தச் சிரிப்பில் எனக்குப் படித்ததெல்லாம் போயிற்று. முலாம் ஏற வேண்டிய பொருள் மைனஸில் இருக்க வேண்டும். ப்ளஸில் இருப்பது கரையும். பத்தாம் வகுப்புப் பாடம்.

"தண்ணி நீலமாகுதே சார்?"

"ஆகோணுமுங்க."

(ஆகக் கூடாது. அந்த அமிலத்தில் செம்பு சும்மா கிடந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. நான்தான் சும்மா இருக்கவில்லை.)

இரண்டு மணி நேரம் கழித்துத் தூக்கினேன். கொலுசு நூலாக இளைத்து, கையிலேயே இரண்டாக முறிந்தது. என் அரைஞாண் செக்கச்செவேலென்று இருந்தது.

"இது யாரோட அரைஞாண் சார்?"

"என்னோடதுங்க."

"அப்ப எங்க அம்மா கொலுசு இனிமே உங்க இடுப்புலயா?"

கண்ணில் நீர் வரும் அளவுக்குச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. கண்ணீர் மட்டும் நிற்கவில்லை. துண்டுகளைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள்.

"இன்னொண்ணு அப்படியே இருக்கட்டும் சார்."

ஞாயிற்றுக்கிழமை லாரி அருகே போய் நின்றேன். கேட்க வேண்டியதைக் கேட்க வாயைத் திறந்தேன்.

"மழை வருமுங்களா டீச்சர்?"

"வரும் சார்," என்றாள். வந்தது.

கல்யாணமான முதல் வாரத்திலேயே இதை என் மனைவியிடம் சொல்லிவிட்டேன் (அடுத்த பிழை). அன்றிலிருந்து வீட்டில் சோப்பு கரைந்தாலும், என் தலைமுடி குறைந்தாலும், "ஏனுங்க, ப்ளஸ்ல மாட்டிப்போட்டீங்களா?" என்பாள். இப்போது பேத்தியும் கேட்கிறாள்.

அரைஞாண் இன்றும் என் இடுப்பில்தான். செம்பு தேய்ந்து, கண்ணிகளின் இடுக்கில் மட்டும் கொஞ்சம் சிவப்பு மிச்சம். போன மாதம் கொக்கி மாற்றப் போனபோது, மெருகு போட்டு அதையும் எடுத்துவிடட்டுமா என்றார் நகைக்கடைக்காரர். வேண்டாம் என்றேன்.

பக்கத்திலிருந்த மனைவி என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "ப்ளஸ்ல மாட்டிப் பாருங்க. அதுவும் போயிரும்."

இத்தனை ஆண்டுகளில் முதல் தடவையாக அவள் சொன்ன செய்முறை சரியாக இருந்தது. நான் அரைஞாணை வாங்கிக் கட்டிக்கொண்டேன்.