சேர்மன் என்னைத் தெரிவு செய்த கதை

நான் எழுதுகிற ஆள் இல்லை. ஓ.எல். பரீட்சை வரைக்கும்தான் படித்தவன். நாலு பேர் முன்னால் என் பெயரைச் சொல்லவே வியர்த்துவிடும். இப்படிப்பட்டவன் பத்திரிகைக்கு எழுத வந்ததை வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் சேர்மனைப் பற்றி யாராவது எழுதத்தானே வேண்டும்.

திருகோணமலையில் சேர்மன் போகாத நேர்முகப் பரீட்சையே கிடையாது. கிடைத்த வேலையும் கிடையாது. சண்டைக் காலத்தில் ஓர்ஸ் ஹில்லில் நானும் அவரும் ஒரே அறையில் வாடகைக்கு இருந்தோம். வேலையில்லாத பெடியன்களைக் கதிரையில் இருத்தி, தான் மேசைக்குப் பின்னால் தலைவராக அமர்ந்து கேள்வி கேட்டு ஒத்திகை நடத்துவார். அதனால்தான் அந்தப் பெயர். சொந்தப் பெயரை வீட்டுக்காரரே மறந்துவிட்டார்.

அந்த முறை துறைமுகத்தில் சாமான் ஏற்றி இறக்கும் ஒரு கம்பனியில், லொறியோடு போய்வந்து கணக்கு எழுத ஒரேயொரு லிகிதர் வேலை. எங்கள் இருவருக்கும் அழைப்பு வந்தது. சல்லிக் கிராமத்தில் மீன்பிடி வள்ளம் வைத்திருந்த என் அக்காவின் கணவர் முடிவாகச் சொல்லியிருந்தார்: "இந்த முறையும் கிடைக்காட்டி, பேசாமல் வந்து வள்ளத்தில ஏறு." ஏற்கெனவே ஒரு தடவை ஏறியிருக்கிறேன். கரை மறைவதற்குள் வலை முழுக்க வாந்தி. அத்தான் அன்றைக்கு மீனைக் கழுவவில்லை, வலையைத்தான் கழுவினார்.

போட்டிக்கு வந்தவன் என்று சேர்மன் என்னைத் தள்ளிவைக்கவில்லை. தினமும் அடுப்படிக் குசினியில் காக்க வைத்து, அறைக்குள் கூப்பிட்டுக் கேள்வி கேட்டார்.

"உம்மட பிழை என்னெண்டால், நீர் சென்ரியில நிக்கிற மாதிரி நிக்கிறீர்," என்றார்.

உண்மைதான். அந்த நாட்களில் பாண் வாங்கப் போனாலும் சென்ரி என்கிற இராணுவக் காவலரணில் நிற்க வேண்டும். கீழே பார்த்து, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லி, கையைத் தூக்கிச் சோதிக்க விட்டு, போ என்றால் போக வேண்டும். நேர்முகப் பரீட்சையில் எல்லாம் தலைகீழ் என்றார் சேர்மன். கண்ணைப் பார்க்க வேண்டும், சிரிக்க வேண்டும், கேட்காததையும் சொல்ல வேண்டும்.

மனிதர் கண்ணைப் பார்க்க என்னால் முடியாது. ஆகவே கடற்கரைப் பக்கம் மேயும் மான்களிடம் கூட்டிப்போனார். முதலில் மான், பிறகு மனிதர் என்பது அவர் திட்டம். ஒரு கிழட்டு மானின் கண்ணைப் பார்த்து என் பெயர், ஊர், படிப்பு எல்லாம் சொன்னேன். மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டு நின்றது. கணக்கில் சாதாரண சித்தி, அதாவது மட்டுமட்டான பாஸ், என்றதும் திரும்பிப் போய்விட்டது.

பரீட்சையன்று முதலில் சேர்மன் உள்ளே போனார். கதவுக்கு வெளியே அவருடைய குரல்தான் கேட்டது. அதுவும் கேள்வியாகவே கேட்டது. மழைக்கு மூட்டைகளை எங்கே வைக்கிறீர்கள், இந்தக் கதிரைக்கு நீங்கள் எப்படி வந்தீர்கள் என்றெல்லாம் விசாரித்துக்கொண்டிருந்தார். வெளியே வந்து என் காதுக்குள் சொன்னார்:

"நடுவில இருக்கிறவர் பரவாயில்லை. மற்ற ரெண்டு பேரும் ஒண்டும் படிச்சிட்டு வரேல்லை."

அடுத்தது நான். கதவைத் திறந்தால் மூன்று பேர். மானும் மறந்தது, சிரிப்பும் மறந்தது. அடையாள அட்டையைப் பிடித்தபடி இரண்டு கைகளையும் உயரத் தூக்கிக்கொண்டு, சோதிக்கட்டும் என்று நின்றேன். ஒருவரும் எழும்பி வரவில்லை. ஏன் வரவில்லை என்று யோசித்தபடி இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன்.

நடுவில் இருந்த ஐயா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தம்பி, கையை இறக்கும்," என்றவர், மற்ற இருவர் பக்கம் திரும்பினார். "போன முறை எடுத்த ஆள் ஒவ்வொரு சென்ரியிலயும் நியாயம் கதைச்சு, லொறி பொழுதுபடத்தான் வந்து சேரும். இந்தப் பிள்ளையோட அனுப்பினால் மத்தியானத்துக்கு முதல் வந்திடும்."

என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: எப்போது வேலைக்கு வரலாம்? மேசைக் காலைப் பார்த்தபடி, நாளைக்கு என்றேன்.

வெளியே சேர்மன் காத்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அந்த வேலை தேவைதானே. என் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டார். சிறிது நேரம் துறைமுகத்தில் நின்ற கப்பலைப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"உம்மை நான் எப்பவோ எடுத்திட்டன். அவையளுக்கு இண்டைக்குத்தான் விளங்கியிருக்கு."

அதன் பிறகு எத்தனையோ மேலதிகாரிகளின் கீழ் வேலை செய்துவிட்டேன். என்னை எடுத்தது அவர்தான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

மறுநாள் ஊரடங்கு. கம்பனிக் கந்தோர் திறக்கவில்லை. இருவரும் அறையில் சோறும் பருப்பும் சமைத்துச் சாப்பிட்டோம்.